ஒயர் இழுக்கிற கை, கையெழுத்துப் போடுகிற கை

நிலத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். கோயில் நுழைவு, குளம், சுடுகாட்டுப் பாதை, டீக்கடைத் தனிக் குவளை எல்லாவற்றையும் எழுதியாயிற்று. லைசென்ஸ் என்கிற காகிதத்தைப் பற்றி எழுதியது குறைவு. ஆபீசில் கொடுக்கிற ஒரு தாள்தானே என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. ஆனால் ஒரு தொழிலைச் செய்கிறவன் ஒருவன், அதைச் செய்தவன் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறவன் இன்னொருவன் என்று ஆகிவிட்டால், இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தாளுக்கும் ஒரு சாதி வரலாறு இருக்கத்தான் செய்யும். மின் ஒப்பந்ததாரர் உரிமம் அப்படிப்பட்ட தாள். உரிமை, உரிமம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று எம்.ஏ. வகுப்பில் படித்தேன். முதலாவதைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். இரண்டாவதை வேறொருவர் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் 1956இல் இந்திய மின்சார விதிகள் வகுக்கப்பட்டன. அதில் 45ஆவது விதி மூன்று பேரைக் கேட்கிறது. அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், பெர்மிட் வைத்திருக்கிற ஒயர்மேன். இந்த மூவரும் இல்லாமல் ஒரு வீட்டிலோ வயலிலோ மின் இணைப்பு வேலை நடக்கக் கூடாது. நடந்திருந்தால் அதற்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. விலக்கு உண்டு: பல்பு மாட்டலாம், ஃபேன் மாட்டலாம், ஃபியூஸ் போடலாம், சுவிட்ச் மாற்றலாம். 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்டு, 2023இல் அவற்றையும் மாற்றி எழுதியது. இந்த மூன்று பேர் ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது.

இது தேவையற்ற விதி என்று நான் சொல்லவில்லை. எர்த் சரியில்லாத வீட்டில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட பெண்ணுக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். என்னுடைய கேள்வி வேறு. அந்த மூன்று பேரில் நம்ம ஆள் யார்?

கரியமாணிக்கம் புதுச்சேரியில் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். பாகூர் தாலுகா. இந்தப் பக்கத்தில் எல்லை என்பது நேர்கோடு கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே தமிழ்நாடு வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி புதுச்சேரி வரும். 1954 மார்ச் 31இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து இந்தியக் கொடி ஏற்றப்பட்டது நெட்டப்பாக்கத்தில்தான் என்று விடுதலை வரலாற்றில் இந்தக் கொம்யூனுக்கு ஒரு இடம் உண்டு. காலனிக்கு அந்த வரலாற்றில் என்ன இடம் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

காலனியில் முப்பது வருசமாக ஒயரிங் வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, செவுத்துல காடி எடுக்கிறது நானு. பைப்பு பதிக்கிறது நானு. ஒயரு இழுக்கிறது நானு. எர்த்துக்குக் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டுறது நானு. கடைசில டெஸ்ட் ரிப்போர்ட்டுல சீல் குத்துறது டவுன்ல இருக்கிறவரு. அந்த ஊடு எந்தப் பக்கம் பாத்து இருக்குதுன்னு கூட அவருக்குத் தெரியாது."

புது இணைப்புக்கு விண்ணப்பிக்கிறவர் இந்த டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைக்க வேண்டும். ஒயரிங் விதிப்படி முடிந்தது, மெக்கர் வைத்துப் பார்த்தோம், இன்சுலேஷன் சரியாக இருக்கிறது, எர்த் இருக்கிறது என்று உரிமம் பெற்றவர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற தாள் அது. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு. வேலை செய்த கூலி ஒரு பக்கம், கையெழுத்துக் காசு ஒரு பக்கம். கூலிக்குப் பேரம் பேசுகிற வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பேரம் பேசுவதில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போது எல்லா அறைக்கும் போகலாம். பூஜை அறையில் விளக்குக்குப் பாயிண்ட் வைப்பதும் சமையல்கட்டில் மிக்சிக்குப் பிளக் வைப்பதும் அவர்தான். கிரகப்பிரவேசம் முடிந்தபிறகு அதே வீட்டில் ஃபியூஸ் போனது என்று கூப்பிட்டால் திண்ணையோடு சரி. "மெயின் போர்டு வெளியிலதானப்பா இருக்குது, உள்ள என்னா வேலை" என்பார்களாம். மெயின் போர்டை வெளியில் வைத்ததும் அவர்தான்.

உரிமம் வாங்குகிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. சான்று பெற்ற மேற்பார்வையாளரையும் பெர்மிட் உள்ள ஒயர்மேனையும் தன்னிடம் வேலைக்கு வைத்திருப்பதாகக் காட்டி, பரிசோதனைக் கருவிகளையும் காட்டினால், கட்டிங் பிளேயரைக் கையில் பிடிக்காதவரும் ஒப்பந்ததாரர் ஆகலாம். சான்றிதழை வாடகைக்கு விட்டு வருசத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, பணமும் அறிமுகமும் இருந்தால் தொழில் தெரியாமலே பொறுப்பாளி ஆகலாம். தொழில் மட்டும் தெரிந்தால் உதவியாளாகவே கிழவன் ஆகலாம்.

இதற்குப் பின்னால் வெளிச்சம் எப்படி நம்மிடம் வந்தது என்கிற கதை இருக்கிறது. ஊரகங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகக் கடன் கொடுக்கிற ஊரக மின்மயக் கழகத்தை மத்திய அரசு 1969இல் தொடங்கியது. கம்பங்கள் பெரும்பாலும் பம்புசெட்டை நோக்கித்தான் நடந்தன. நிலம் யாரிடம் இருந்ததோ அங்கே கரண்ட் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒரு சொல்லின் வரையறை. 1997 அக்டோபர் வரை, ஒரு வருவாய் கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்மயமான கிராமம். ஒரே ஒரு மோட்டார் ஓடினால் போதும்! சேரி இருட்டில் கிடந்தாலும் கணக்கில் ஊர் வெளிச்சமாகிவிடும். 1997இல் அதைத் திருத்தி, மக்கள் வாழ்கிற இடத்தில் மின்சாரம் இருக்க வேண்டும் என்றார்கள். மக்கள் வாழ்கிற இடம் என்றால் ஊர்த்தெரு என்று எடுத்துக்கொள்ள அப்போதும் வழி இருந்தது. 2004இல் வந்த வரையறையில்தான் டிரான்ஸ்பார்மரும் லைனும் தலித் குடியிருப்புக்கும் போயிருக்க வேண்டும், குறைந்தது 10 சதவீத வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சுதந்திரம் கிடைத்து 57 வருசம் கழித்து, ஒரு கிராமத்துக்கு விளக்கு வந்ததா என்று பார்க்க அதன் சேரியையும் பார்க்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது.

இடையில் சலுகையாக ஒற்றை பல்பு வந்தது. 1988-89இல் மத்திய அரசின் குடீர் ஜோதித் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள ஹரிஜன, ஆதிவாசிக் குடும்பங்கள் உட்பட ஏழைகளுக்கு ஒரு விளக்கு. புதுச்சேரி மின் கட்டணப் பட்டியலில் 'ஒரு குடிசை ஒரு பல்பு' என்றே ஒரு இனம் உண்டு. ஊருக்கு மோட்டார், காலனிக்கு பல்பு. இந்தத் திட்டத்தில் குடிசையின் உள் ஒயரிங் செலவையும் அரசே ஏற்றது. அதாவது நம்முடைய குடிசைகளே ஒரு கான்ட்ராக்ட் வேலை ஆயின. அந்த வேலையை எடுக்க உரிமம் வேண்டும், உரிமம் நம்மிடம் இல்லை. நம் இருட்டை வைத்து அடுத்தவர் பில் போட்டார்.

ஒப்பந்தத்தில் பங்கு கேட்பது தாராளமயத்துக்குப் பிறகு வந்த புதுப் பேச்சு, நடுத்தர வர்க்கத்துத் தலித்துகளின் ஆசை என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் 1942ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். பொதுப்பணியும் மின்சாரமும் அவருடைய பொறுப்பில் வந்தன. அக்டோபர் 29 அன்று பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி வைசிராய் லின்லித்கோவுக்கு ஒரு மனு அளித்தார். சட்டமன்ற இடங்கள், வேலை, கல்வி ஆகியவற்றோடு அரசாங்க ஒப்பந்தங்களையும் அதில் சேர்த்திருந்தார். மத்திய பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த 1,100க்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்களில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு, 1943 அக்டோபரில், பொதுப்பணி மற்றும் மின்சக்திக்கான கொள்கைக் குழுவில் அவர் பேசியது, மலிவான மின்சாரம் வந்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் மக்கள் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்பதைப் பற்றி. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் நம்மில் குறைவு. சட்ட மேதையின் படத்தை வைத்திருக்கிறோம், மின்சாரத் துறை அம்பேத்கரை மறந்துவிட்டோம்.

எங்கே தடுக்கிறார்கள் என்று பார்த்தால், பரீட்சையில் அல்ல. பரீட்சைக்கு முன்னால். தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. பள்ளிப் படிப்புச் சான்று கேட்காத, 21 வயது நிரம்பியவர் எழுதக்கூடிய தேர்வு அது. படிக்க முடியாமல் போனவனுக்குத் திறந்து வைத்த கதவு என்றே சொல்லலாம். ஆனால் ஒயரிங் தொழிலில் ஐந்து வருசத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். அனுபவம் நம்மிடம் மலைபோல இருக்கிறது. அதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவர் யார்? நம்மை வேலை வாங்கினவர். மேலே போகப் போகவும் அதே கதைதான்.

அண்ணன் கேட்டுப் பார்த்திருக்கிறார். பதினோரு வருசம் வேலை செய்த இடத்தில் போய், "சார், சர்வீஸ் எழுதிக் குடுங்க" என்றாராம். "உன் பேரு ரிஜிஸ்டர்லயே இல்லியேப்பா, நான் என்னான்னு எழுதுவேன்" என்று சிரித்தாராம் அவர். பிறகு வெளிப்படையாகவே சொன்னாராம்: "நீயும் கான்ட்ராக்ட் ஆயிட்டா எம் பின்னாடி பை தூக்கினு யாரு வருவா?"

பேர் ரிஜிஸ்டரில் இல்லை. இதுதான் விஷயம். பேர் இல்லாததால் அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாததால் பெர்மிட் இல்லை, பெர்மிட் இல்லாததால் பேரை ரிஜிஸ்டரில் ஏற்ற முடியாது. ஒரு வட்டம். கம்பத்தில் ஏறிய பையன் ஷாக் அடித்துச் செத்துப்போனாலும் இதே ரிஜிஸ்டரைத்தான் தேட வேண்டும். சட்டப்படி, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவன் இறந்தாலும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் அவன் அங்கே வேலை செய்தான் என்று காட்ட வேண்டும். உயிரோடு இருக்கும்போது லைசென்சைத் தடுத்த அதே வெற்றுப் பக்கம், செத்தபிறகு அவன் அம்மாவுக்கு வர வேண்டிய பணத்தையும் தடுக்கிறது.

இதோடு எல்லைச் சிக்கல் வேறு. உரிமம் அந்தந்த அரசு கொடுப்பது. அடுத்த அரசு அதை அங்கீகரித்தால்தான் அங்கே செல்லும். கரியமாணிக்கத்தில் இருந்து சைக்கிளில் போய் வேலை செய்துவிட்டு வருகிற ஊர்களில் பாதி தமிழ்நாடு. அண்ணனின் உளிக்கும் சுத்திக்கும் எல்லை இல்லை, தாளுக்கு உண்டு. சாதிச் சான்றிதழ் கதையும் அப்படித்தான். புதுச்சேரிக்கான பட்டியல் 1964ஆம் ஆண்டின் தனி ஆணையில் இருக்கிறது. அந்தப் பக்கம் பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற ஒரே சனம்தான், ஆபீசுக்கு மட்டும் இரண்டு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. லூயிஸ் லாட்டிமர் என்கிற அமெரிக்கக் கறுப்பர் மின் பல்புக்கான கரி இழையைச் செய்யும் முறைக்கு 1882இல் காப்புரிமை பெற்றவர். பல்பைச் செம்மையாக்கிய ஒருவரின் இனத்துப் பையன்களை, அங்கே மின் தொழிலாளர் சங்கக் கிளைகள் நெடுங்காலம் பயிற்சிக்கே சேர்க்கவில்லை. சேராதவனுக்கு வேலை இல்லை. 1969இல் பிலடெல்பியாத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, அரசுப் பணம் செலவாகும் கட்டுமானங்களில் கறுப்பர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு இவ்வளவு இடம் தருவோம் என்று ஒப்பந்தக்காரர்கள் இலக்கு காட்ட வேண்டும் என்றார்கள். அதில் குறிப்பிட்ட ஆறு தொழில்களில் மின் வேலையும் ஒன்று. கதவு தானாகத் திறக்கவில்லை, டெண்டரில் கை வைத்தபிறகுதான் திறந்தது.

இங்கேயும் சில நடந்திருக்கின்றன. 2002 சனவரியில் போபால் பிரகடனம் அரசுக் கொள்முதலில் பங்கு கேட்டது. சிறு நிறுவனங்களிடமிருந்து மத்திய அரசு வாங்கும்போது 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012இல் ஆணை வந்தது. அந்த 4ஐ எட்டாமலே பல ஆண்டுகள் போயின. கர்நாடகம்தான் உருப்படியாகச் செய்தது. 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசு வேலைகளில் 17.15 சதவீதம் பட்டியல் சாதியினருக்கு, 6.95 சதவீதம் பழங்குடியினருக்கு என்று சட்டத்தைத் திருத்தி, 2023இல் வரம்பை ஒரு கோடியாக்கியது. ஆனால் ஒதுக்கீட்டில் வேலை எடுக்க முதலில் கையில் உரிமம் இருக்க வேண்டும். பெரிய வேலை என்றால் சால்வென்சி, முன்வைப்புத் தொகை எல்லாம் வரும். இலவச மனைப்பட்டாவைக் காட்டினால் எந்த மேனேஜர் சால்வென்சி கொடுக்கிறார்? பாட்கோ மாதிரியான அமைப்புகள் ஆட்டோவுக்குக் கடன் கொடுத்தது போதும். மெக்கர் வாங்கவும், வைப்புத்தொகை கட்டவும், ஐ.டி.ஐ. முடித்த நம் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு உரிமம் எடுக்கவும் கொடுக்கட்டும். அனுபவச் சான்றை முதலாளிதான் தர வேண்டும் என்பதை மாற்றி, கையில் வேலையைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கட்டும். முப்பது வருசம் வேலை செய்தவன் அதற்குப் பயப்பட மாட்டான்.

அண்ணன் சமீபத்தில் காலனியில் தன் பழைய கூரை வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டினார். ஒயரிங் முழுக்க அவர் கைதான். மகன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், கூட நின்று பைப்பு பதித்தான். டெஸ்ட் ரிப்போர்ட்டை எனக்கு எடுத்துக் காட்டினார். வீட்டுக்காரர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். வேலையைச் செய்தவர் என்ற இடத்தில் டவுன்காரர் பெயர், சீல், கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு அவரும் காசு கொடுத்திருந்தார்.