நாற்பது நாள் நோன்பு: வரலாறும் வாழ்வும்

நோன்பு தமிழர்க்குப் புதியதன்று. மார்கழித் திங்களில் பாவை நோன்பு நோற்ற மகளிரையும், வடக்கிருந்து உயிர் நீத்த கோப்பெருஞ்சோழனையும் நம் இலக்கியங்கள் நமக்குக் காட்டுகின்றன. ஏகாதசியன்று பட்டினி கிடக்கும் அன்னையரையும், இரமலான் திங்களில் பகல் முழுவதும் நீரும் பருகாத இசுலாமியத் தோழரையும் நாம் நாள்தோறும் கண்டு பழகியுள்ளோம். ஆனால், மாசி பங்குனித் திங்கள்களை ஒட்டி நம்மிடையே வாழும் கிறிஸ்தவத் தமிழர் நோற்கும் நாற்பது நாள் நோன்பினைப் பற்றிப் பிற சமயத்தார் அறிந்திருப்பது குறைவே. ‘அவர்கள் அந்த நாட்களில் புலால் உண்ண மாட்டார்கள்’ என்னும் அளவில் நம் அறிவு நின்றுவிடுகிறது. அந்நோன்பு தோன்றிய வரலாற்றையும், அது வீட்டிலும் கோயிலிலும் கடைப்பிடிக்கப்பெறும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் காண்போம். உண்ணாமல் விடுத்த உணவு யாரைச் சேர வேண்டும் என்னும் வினா இவ்வரலாறு நெடுகிலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

நோன்பின் காலம்

இளவேனில் தொடக்கமாகிய மார்ச்சு 21ஆம் நாளையோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு, கிறிஸ்து உயிர்த்தெழுந்த பெருநாளாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு 46 நாட்களுக்கு முன்னர் வரும் புதன்கிழமையே நோன்பின் முதல் நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பின் மகிழ்ச்சிக்குரியவை. ஆதலின் அவை நோன்பு நாட்களாக எண்ணப்படுவதில்லை. அவற்றைக் கழித்தால் எஞ்சுபவை 40 நாட்கள். சீனாய் மலைமேல் மோசே இருந்த நாட்களும், ஓரேபு மலை நோக்கி எலியா நடந்த நாட்களும், பாலைநிலத்தில் இயேசு பெருமான் உண்ணாதிருந்த நாட்களும் நாற்பதே என விவிலியம் கூறும். அவ்வெண்ணே நோன்பின் எண்ணாயிற்று.

தொடக்க நாளிலேயே இத்தனை நாட்கள் வகுக்கப்பெற்றிருந்தன என்று எண்ணுதல் பிழையாகும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர் ஆயராக விளங்கிய இரேனியு எழுதிய மடல் ஒன்றில், சிலர் ஒரு நாளும், சிலர் இரண்டு நாட்களும், வேறு சிலர் அதற்கு மேலும் நோன்பிருந்தனர் என்னும் செய்தி காணப்படுகிறது. முறை வேறுபட்டபோதும் அவர்களிடையே அமைதி குலையவில்லை என்பதையே அவர் வற்புறுத்துகிறார். கி.பி. 325இல் கூடிய நைசியாப் பொதுச்சங்கத்தின் விதி ஒன்றில்தான் ‘நாற்பது’ என்னும் பெயரால் இக்காலம் குறிக்கப்பெறுகிறது. பெருநாளன்று திருமுழுக்குப் பெறவிருந்த புதியவர்கள் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளவும், பெரும் பிழை செய்தோர் மனந்திரும்பி மீண்டும் சபையிற் சேரவும் அமைந்த காலம் அது. அவர்களைத் தனியே வருந்த விடாமல் சபையார் அனைவரும் உடன் நோற்றனர். ஆகவே, இந்நோன்பு ஒருவர்க்காக மற்றொருவர் தோள் கொடுத்த கூட்டு நோன்பாகவே வளர்ந்தது எனலாம்.

மிஞ்சிய உணவு

தொடக்க காலக் கிறிஸ்தவர் நோன்பை எவ்வாறு கருதினர் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். இரண்டாம் நூற்றாண்டில் அரிஸ்டைடிஸ் என்னும் அறிஞர் உரோமைப் பேரரசனுக்குத் தம் சமயத்தாரைப் பற்றி விளக்கம் எழுதினார். தம்மிடையே வறியவர் ஒருவர் இருந்து, அவர்க்குக் கொடுக்கத் தம்மிடம் மிகுதியாக ஒன்றும் இல்லையாயின், இரண்டு மூன்று நாட்கள் தாம் பட்டினி கிடந்து அவ்வுணவை அவர்க்கு அளிப்பது அவர்கள் வழக்கம் என்று அவர் குறிப்பிடுகிறார். அந்நூற்றாண்டிலேயே எழுந்த ‘ஹெர்மாசின் மேய்ப்பர்’ என்னும் நூலோ இன்னும் தெளிவாக வழி வகுக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் நீரும் மட்டுமே கொள்க. அன்று வழக்கம்போல் உண்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைக் கணக்கிடுக. அதனைக் கைம்பெண்ணுக்கோ பெற்றோரை இழந்த பிள்ளைக்கோ இல்லாதவர்க்கோ கொடுத்துவிடுக. இதுவே அந்நூல் கூறும் முறை.

இங்கு நோன்பு என்பது வயிற்றை வருத்துதல் மட்டும் அன்று. ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்கு உணவை மாற்றி வைத்தலாகும். வேண்டுதல், நோன்பு, ஈகை ஆகிய மூன்றையும் இக்காலத்தின் மூன்று தூண்களாகத் திருச்சபை இன்றும் போற்றுவதன் காரணம் இதுவே.

வெண்ணெய்க் கோபுரம்

காலம் செல்லச் செல்ல விதிகள் பெருகின. இடைக்கால ஐரோப்பாவில் புலாலோடு பாலும் வெண்ணெயும் முட்டையும் விலக்கப்பட்டன. விதி இறுகியபோது விலக்குப் பெறும் வழிகளும் உடன் தோன்றின. பிரான்சு நாட்டு உருவான் நகரப் பேராலயத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர் பெற்ற கோபுரம் ஒன்று இன்றும் உயர்ந்து நிற்கிறது. நோன்பு நாட்களில் வெண்ணெய் உண்ண இசைவு வேண்டியோர் செலுத்திய பணம் அதன் கட்டுமானத்திற்கு உதவியது என்பது மரபு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கிய அக்கோபுரம் காண்பதற்கு எழில் மிக்கது. ஆனால், ஏழையின் இலைக்குச் செல்ல வேண்டிய பொருள் கல்லாகச் சமைந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை.

இதற்கு மாறான குரலும் எழுந்தது. 1522ஆம் ஆண்டு நோன்புக் காலத்தில் சூரிச் நகரில் அச்சகத்தார் ஒருவர் இல்லத்தில் கூடியோர் சிலர் வெளிப்படையாகவே இறைச்சி உண்டனர். உடனிருந்தும் தாம் உண்ணாத சுவிங்கிலி என்னும் குரு, உணவைத் தெரிந்துகொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று அதன்பின் மறையுரை ஆற்றினார். சுவிட்சர்லாந்துச் சமயச் சீர்திருத்தத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் பலர் இந்நிகழ்ச்சியைக் காட்டுவர். நோன்பு சபையின் கட்டளையா, தனிமனிதன் தானே விரும்பி மேற்கொள்வதா என்னும் வழக்கு அன்று தொட்டு நிலவுகிறது.

இவ்வழக்கிற்கான விடை நோன்பின் முதல் நாள் வழிபாட்டிலேயே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். கத்தோலிக்கத் திருப்பலியில் அன்று வாசிக்கப்பெறும் நற்செய்திப் பகுதி, நோன்பிருப்பதைப் பிறர் அறியக் காட்டாதே, முகத்தைக் கழுவிக்கொள் என்று அறிவுறுத்துகிறது. அதனைக் கேட்ட மக்களே வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கின்றனர். இது முரண்போலத் தோன்றும். சாம்பலோ ஊரார் அனைவர்க்கும் பொது. நோன்போ அவரவர் நெஞ்சறிந்தது. இரண்டும் வேண்டும் என்பதே அவ்வழிபாடு உணர்த்தும் உண்மை. முன் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளை எரித்தே அச்சாம்பல் செய்யப்படுகிறது. ஆர்ப்பரித்துப் பிடித்த பச்சைக் குருத்து ஓராண்டில் நெற்றிச் சாம்பலாவது நிலையாமையை நன்கு விளக்கும்.

தமிழ் மண்ணில்

இந்நோன்பு தமிழகம் வந்தபோது தமிழ்ச் சொற்களையே உடுத்திக்கொண்டது. முதல் நாளைக் கத்தோலிக்கப் பெரியோர் ‘விபூதிப் புதன்’ என்றனர். இன்று ‘சாம்பல் புதன்’, ‘திருநீற்றுப் புதன்’ என்றும் வழங்குகிறது. காலம் முழுமையும் ‘தபசுக்காலம்’ எனப்பட்டுப் பின்னர்த் ‘தவக்காலம்’ ஆயிற்று. நாளுக்கு ஒரு வேளை மட்டும் நிறைய உண்பது ‘ஒருசந்தி’. புலால் நீக்கி உண்பது ‘சுத்தபோசனம்’. விபூதியும் தபசும் ஒருசந்தியும் இந்நாட்டு நோன்பு மரபுகள் பலவற்றுக்கும் உரிய சொற்கள். சீர்திருத்தச் சபையாரோ ஆங்கிலச் சொல்லையே தமிழாக்கி ‘லெந்து நாட்கள்’ என்றனர். பகற்பொழுது நீளும் வேனிற்பருவத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

கோயில்களில் இக்காலத்து வழிபாடு தனித் தன்மை உடையது. பீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்படும். அல்லேலூயாப் பாடல் ஒலிக்காது. திருமணங்கள் தள்ளி வைக்கப்படும். வெள்ளிதோறும் கத்தோலிக்கர் பதினான்கு நிலைகளில் முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை செய்வர். நிலைகள் பதினான்கு என்று 1731இல் உறுதி செய்தவர் பன்னிரண்டாம் கிளமெந்து என்னும் திருத்தந்தை ஆவார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட நாளில், 1705இல் கோவாவிலிருந்து அங்குச் சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குரு தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ இயற்றினார். கிறிஸ்துவின் பாடுகளை இரங்கல் ஓசையோடு படிக்கக் கேட்டு மக்கள் கண்ணீர் உகுக்கும் மரபு அந்நூலால் வளர்ந்தது.

சபை வேலிகளை வழிபாடு தாண்டிவிடும் என்பதற்குப் பெரிய வெள்ளியே சான்று. அன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு திருமொழிகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் சிறப்புற நடைபெறுகிறது. இதனைத் தோற்றுவித்தவர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டு லிமா நகரில் வாழ்ந்த அலோன்சோ மெசியா என்னும் இயேசு சபைக் குரு. கத்தோலிக்கர் தொடங்கியதைச் சீர்திருத்தச் சபையார் தமதாக்கிப் போற்றுகின்றனர்!

மீண்டும் பழைய வழி

இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை தன் தொடக்க நாட்களைத் திரும்பிப் பார்த்தது. தவக்காலத் தவம் உள்ளத்தளவிலும் தனிமனித அளவிலும் நின்றுவிடாமல், வெளிப்படையாகவும் சமுதாயத்தைச் சார்ந்ததாகவும் அமைதல் வேண்டும் என 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மொழிந்தது. 1966 பிப்ரவரி 17இல் ஆறாம் பவுல் வெளியிட்ட மடலால், கட்டாய ஒருசந்தி நாட்கள் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டாகச் சுருங்கின. கட்டளை குறைந்த இடத்தை ஈகையும் வேண்டுதலும் நிரப்ப வேண்டும் என்பதே அதன் கருத்து. 1958இல் செருமானிய ஆயர்கள் நிறுவிய மிசெரியோர், 1962இல் நம் நாட்டில் தோன்றிய காரித்தாஸ் இந்தியா போன்ற அமைப்புகள் தவக்காலக் காணிக்கையைப் பசியும் நோயும் போக்கும் பணிகளுக்குத் திருப்பின. ஹெர்மாசின் பழைய கணக்கு மீண்டும் ஏட்டில் ஏறியது.

ஊரிலோ அக்கணக்கு ஒரு நாளும் அழிந்துவிடவில்லை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கையை நெல்லைச் சீமைக் குடும்பங்கள் நன்கு அறியும். எந்தச் சட்டமும் அத்தாய்மாரை ஏவவில்லை. எந்தப் பேரேடும் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இந்நோன்பு சற்றே கடினமானது. விடியற்காலை எழுப்பும் கோயில் மணி இங்கு எல்லார்க்கும் கேட்பதில்லை. தமிழ் வழிபாட்டிற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. சிலுவைப்பாதை வேளையில் அலுவலகம் முடிவதில்லை. ஊர் முழுதும் நோற்ற நோன்பை இங்கு ஒரு வீடு தனித்து நோற்கிறது. பழக்கம் தளர்வதும், பிள்ளைகள் ‘ஏன்?’ என்று வினவுவதும் இயல்பே. புலால் விலக்கை மட்டும் விதியாகச் சொன்னால் அவ்வினாவிற்கு விடை கிடைக்காது. விடுத்த உணவின் விலையை வீட்டு உண்டியலில் இடச்செய்து, நாற்பது நாள் கழிந்ததும் அதனை இல்லாத ஒருவர் கையில் அப்பிள்ளைகளைக் கொண்டே கொடுக்கச் செய்தால், எந்தக் கோயில் மணியும் இன்றி நோன்பு அவர்களுக்கு விளங்கிவிடும்.

இவ்வுண்மை தமிழர்க்கு அயலானதன்று. பசியைப் பொறுத்தல் தவத்தோர்க்கு ஆற்றலே; ஆயினும் பிறர் பசியைப் போக்குவோரின் ஆற்றலுக்கு அது பிற்பட்டதே என்று வள்ளுவப் பெருந்தகை வரிசைப்படுத்தி வைத்துள்ளார். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலேற்கும் கிறிஸ்தவரும், அவர்தம் அண்டை வீட்டில் வாழும் நாமும் ஒருங்கே ஏற்கத்தக்க அளவுகோல் அது. நோன்பு முடியும் நாளில், நம் பசியால் யார் பசி தீர்ந்தது என்று கேட்டுப் பார்ப்போமாக.