தையற்பொறியும் அதன் பெட்டியும்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பொறியைப் பற்றியே எழுதுவர்; அது வந்திறங்கிய பெட்டியைப் பற்றி எழுதுவதில்லை. தையற்பொறியைப் பொறுத்தவரையில், பெட்டியை விட்டுவிட்டால் கதையில் பாதி போய்விடும். தொழிற்சாலைச் சுவருக்குள் அடைபடாமல், தனி மனிதர் ஒருவரின் சொந்த உடைமையாய் அஃது ஊர்விட்டு ஊர் சென்றதற்குப் பெட்டியே பெருங்காரணம் என்பது என் கருத்து.

மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் தையலுக்கு 1846-இல் காப்புரிமை பெற்றவர் இலியாஸ் ஹோவ் என்னும் அமெரிக்கர். ஐந்தாண்டு கழித்து, 1851-இல், ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமை பெற்றார். கனமான அப்பொறி மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்பெற்றது. வாங்கியவர் அந்தப் பெட்டியை விறகுக்குப் பிளக்க வேண்டியதில்லை. பொறியை வெளியே எடுத்து அதன்மேல் ஏற்றினால், பெட்டியே மேசையாயிற்று. காலால் மிதிக்கும் அமைப்பும் அதனோடு பொருந்தியது. என்ன சிக்கனமான ஏற்பாடு பாருங்கள்!

1856-இல் சிங்கர் கம்பெனியார் தவணைமுறை விற்பனையைத் தொடங்கினர். ஏழைக் குடும்பங்களிலும் பொறி நுழைந்தது. 1868-இல் அமெரிக்காவின் சௌத் பெண்டு நகரில் பொறிக்குரிய மரவேலைகளுக்கென்றே தனித் தொழிற்சாலை எழுந்தது. ஸ்காட்லாந்தில் கிளைடுபாங்க் என்னுமிடத்தில் 1885-இல் திறந்த பெரிய ஆலையின் பொறிகள் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. பட்டேல் என்னும் பார்சி வணிகர் சிங்கரின் முகவராக இருந்து அவற்றை இந்தியாவெங்கும் பரப்பினார். தரையில் அமர்ந்து வேலை செய்யும் நம்மவர்க்குக் கையால் சுற்றும் பொறி மிகவும் பொருந்தியது. அடியில் மரப்பலகை; மேலே கூடாரம்போல் வளைந்த மரமூடி; மூடியின் உச்சியில் கைப்பிடி; பக்கத்தில் பூட்டு. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்துச் செய்த அம்மூடியை இன்றும் பழைய வீடுகளின் பரணில் காணலாம்.

இராமச்சந்திரன் என்னும் மாணவர் 1924-இல் காந்தியடிகளை வினவினார்: "எல்லா இயந்திரங்களையுமே வெறுக்கிறீர்களா?" அடிகள் விலக்காகச் சுட்டியது சிங்கர் தையற்பொறியை. மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப்பொறாத அன்பில் பிறந்தது அது என்றார். மாணவர் விடவில்லை, அப்பொறியைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், அவ்வாலை அரசுடைமையாக இருக்கட்டும் என்று அடிகள் விடையிறுத்தார். அம்மாணவரே 1947-இல் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

இனி நம் பகுதிக்கு வருவோம். விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927-இல் திறந்தபின், திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் புகைவண்டியால் இணைந்தன. 1936-இல் இராசபாளையம் நூற்பாலை தொடங்கிற்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த ஊரும் இதுவே. நூலும் துணியும் மலிந்த இடத்தில் தையற்காரருக்கு வேலைக்குக் குறையேது? என் இளமையில், தீபாவளிக்கு முந்திய வாரங்களில், மிதிவண்டியின் பின்தட்டில் பொறியைக் கட்டிக்கொண்டு இவ்விரண்டு ஊர்களுக்கிடையே செல்லும் தையற்காரரைக் கண்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வழி. கால்பொறி வைத்திருந்தவர்கூட இரும்புக் காலை வீட்டில் விட்டு, பின்புறத்துத் திருகுகள் இரண்டைத் தளர்த்தித் தலையை மட்டும் கழற்றி எடுத்துச் செல்வார்.

ஒருமுறை ஒருவர் பெட்டியைக் கைப்பிடியால் தூக்கினார். தேய்ந்த பூட்டு விட்டது; மூடி மட்டும் கையோடு வந்தது; பொறி கல்தரையில் விழுந்து, வளைந்த கைப்பகுதி இரண்டாயிற்று. வார்ப்பிரும்பு வளைவதில்லை, முறியும். முறிந்ததை ஒட்டவைத்தாலும், ஊசியும் அடியில் நூலைக் கவ்வும் கொக்கியும் மயிரிழை பிசகாமல் சந்திக்கும் பழைய ஒழுங்கு மீள்வது அரிது. அவ்வாண்டு அவர் வீட்டுத் தீபாவளி எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பெட்டி தேர்வோர் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் பளபளப்பையன்று, அடிப்பலகையை. பொறியின் முழுச் சுமையும் அடியில் தங்க வேண்டும். முழு அளவுப் பொறியின் அடித்தட்டு ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ஆனால் வலப்புறத்துச் சக்கரம் தட்டுக்கு வெளியே நீண்டு நிற்பதால், சக்கரத்தின் விளிம்புவரை அளந்தே பெட்டி வாங்க வேண்டும். உயரத்தை நூற்கண்டு செருகும் கம்பியின் நுனிவரை அளத்தல் நன்று. பொறி உள்ளே அசையாதவாறு இருபுறமும் கட்டைகளோ தடித்த கம்பளித்துண்டோ வேண்டும். தகரப்பெட்டி மலிவுதான், அடி தாங்காமல் நசுங்கும், மழையில் துருப்பிடிக்கும். ஊசியைக் கழற்றி, துணியை மடித்துப் பாதத்தின் கீழ் வைத்து, பாதத்தை இறக்கிவிட்டே மூட வேண்டும்.

1933-இல் சிங்கர் கம்பெனியார் அலுமினியத்தால் செய்த 5 கிலோ அளவுள்ள சிறுபொறியைக் கறுப்புக் கைப்பெட்டியோடு வெளியிட்டனர். சுமை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எனினும் நம் சிற்றூர்களில் வார்ப்பிரும்புப் பொறியே நிலைத்தது. இக்காலத்து இலேசான மின்பொறிகளோடு வரும் நெகிழிமூடி சிலவற்றில் தூசி காக்க மட்டுமே உதவும். அதைச் சுமக்கும் பெட்டியென்று நம்பிவிடலாகாது.

கணவனை இழந்த பெண்டிர் முதலியோர்க்கு இலவசமாகத் தையற்பொறி வழங்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் நம் மாநிலத்தில் உண்டு. அப்படிப் பெற்ற பொறியைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோக நினைக்கும் பெண்மணி, உள்ளூர்த் தச்சரிடம் சொல்லி, நாற்புறமும் நாலு விரற்கடை உயரச் சட்டம் வைத்த கனத்த பலகை ஒன்று செய்துகொள்ளலாம். பலகைக்கு அடியிலிருந்து மூடியின்மேல் வரை இரண்டு வார்ப்பட்டைகளைச் சுற்றி இறுக்கி, அவற்றைப் பிடித்தே தூக்கட்டும். மூடியின் கைப்பிடி அழகுக்கு இருக்கட்டும்.