கொள்கையும் கருவியும்

"கொள்கை வேறு, நடைமுறை வேறு" என்று கூறுவோரை நாம் அன்றாடம் சந்திக்கிறோம். மேடையிலே சமத்துவம் பேசுவோர் வீட்டிலே வேறு விதமாக வாழ்வதும், அதனைச் சுட்டிக்காட்டுமிடத்து, உலகம் அப்படித்தான் என்று அமைதி கூறுவதும் எமக்குப் புதியனவல்ல. இந்நிலையில், தாம் நாளாந்தம் கையாளும் கணினியில் தம் கொள்கைக்கு மாறான ஒரு நிரலுக்கேனும் இடங்கொடோம் என்று கண்டிப்பாக வாழ முற்பட்ட ஒரு சிறு கூட்டத்தினரின் வரலாறு எமது கவனத்துக்குரியது. அவர்களைப் பித்தர் என்று எள்ளியோர் உளர். துறவியர் என்று போற்றியோரும் உளர். இவ்விரு கணிப்புகளும் தவறானவை என்பதே எமது துணிபு. அவ்வாழ்க்கை முறை ஏன் தோன்றியது, எதைச் சாதித்தது, எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பனவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்கினாலன்றி அதனை மதிப்பிடல் இயலாது.

மென்பொருள் தோன்றும்போதே விற்பனைப் பண்டமாகத் தோன்றியதன்று. 1950களில் கணினி என்பது பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வைத்திருக்கக்கூடிய இயந்திரமாக இருந்தது. விற்கப்பட்டது இயந்திரமே, நிரல்கள் அதனோடு சேர்ந்து வந்தன. 1955இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். இயந்திரங்களைப் பயன்படுத்தியோர் 'ஷெயார்' என்ற சங்கத்தை அமைத்து, தாம் எழுதிய நிரல்களைத் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். பகிர்தல் என்பதே அப்பெயரின் பொருள். 1969 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். கம்பனி, மென்பொருளை இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனி விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தது. 1976 பெப்ரவரியில், அப்பொழுது இளைஞராயிருந்த பில் கேற்ஸ் கணினி ஆர்வலருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தார். தமது கம்பனியின் பேசிக் நிரலை விலை கொடாது படியெடுப்போர் களவு செய்கின்றனர் என்பதே அதன் சாரம். இவ்வாறு, இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள், பகிர்வு என்று போற்றப்பட்ட செயல் களவு என்ற பெயரைப் பெற்றது. செயல் மாறவில்லை, உடைமை உறவே மாறியது.

இம்மாற்றத்தின் முழுத் தாக்கத்தையும் விளங்கிக்கொள்ள ஒரு தொழில்நுட்ப உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். நிரலுக்கு இரு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதுவதும், வாசித்து விளங்கத்தக்கதுமான மூல நிரல் ஒன்று. இயந்திரம் மட்டுமே 'வாசிக்கும்' எண் வடிவம் மற்றொன்று. மூல நிரலை மறைத்து எண் வடிவத்தை மட்டும் விற்குமிடத்து, வாங்கியவன் கருவியைப் பெறுகிறான். ஆனால் அக்கருவி என்ன செய்கிறது என்பதை அறியவோ, பழுதைத் திருத்தவோ, தன் தேவைக்கேற்ப மாற்றவோ அவனால் முடிவதில்லை. தறியின் உள்ளே பார்க்கலாகாது என்று நெசவாளனுக்குத் தடை விதிப்பதை இது ஒத்தது.

இத்தடை ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வாறு குறுக்கிட்டது என்பதிலிருந்தே எமது வரலாறு தொடங்குகிறது. றிச்சட் ஸ்டோல்மன் 1971இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர். அங்கு பயன்பட்ட அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும்படி அதன் நிரலை அவர் முன்னர் மாற்றியமைத்திருந்தார். 1980ஆம் ஆண்டளவில் ஸெறொக்ஸ் கம்பனியின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் மூல நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் ஸ்டோல்மன் நேரிற் சென்று கேட்டபொழுது, எவருக்கும் கொடேன் என்று கம்பனிக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். தனிப்பட்ட பகைமை அங்கு எதுவும் இருக்கவில்லை. ஓர் ஒப்பந்தம் சக அறிவாளியை சக அறிவாளிக்கு உதவாதவனாக்கியது. ஸ்டோல்மன் தம் உரைகளிற் பலமுறை எடுத்துக் கூறியதும் இதனையே. 1981இல் ஸிம்பொலிக்ஸ் என்ற கம்பனி அவ்வாய்வுகூடத்து நிரலாளருட் பெரும்பாலோரை வேலைக்கமர்த்திக்கொண்டது. கூட்டுழைப்பில் வளர்ந்த ஒரு சிறு சமூகம் கலைந்துபோயிற்று.

இந்நிலையில் அவர் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. தாமும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு வளமாக வாழலாம். அன்றேல், கணினித் துறையையே விட்டு விலகித் தம் கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். அவர் மூன்றாவதொரு வழியைத் தேர்ந்தார். 1983 செப்டெம்பர் 27இல் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸ் முறைமையை ஒத்த, ஆனால் எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய முழுமையான இயக்க முறைமையொன்றை எழுதுவதே அதன் நோக்கம். 1984 ஜனவரியில் அவர் தம் பதவியைத் துறந்தார். தாம் எழுதுவதற்கு நிறுவனம் உரிமை கோராதிருக்க வேண்டுமென்பதே காரணம். ஈமாக்ஸ் என்னும் தமது பதிப்பு நிரலை நாடாவிற் பதிந்து 150 டொலருக்கு விற்று வருவாய் தேடினார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறநிலையம் நிறுவப்பட்டது.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். தனியுடைமை நிரல்களைக் கண்டிப்பாக மறுத்த அதே மனிதர், க்னூவை எழுதுவதற்குத் தொடக்கத்தில் தனியுடைமையான யூனிக்ஸ் முறைமையையே பயன்படுத்தினார். இது முரண்பாடன்றோ எனலாம். அன்று. மாற்றீடு ஒன்றைப் படைப்பதற்காக மட்டும் அதனைப் பயன்படுத்துவது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்றும், மாற்றீடு தோன்றியதும் பழையதை அகற்றிவிடல் வேண்டும் என்றும் அவர் விதி வகுத்துக்கொண்டார். ஆகவே அக்கண்டிப்பு ஆசார அனுட்டானமாக இருக்கவில்லை. மறுப்பும் படைப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. படைப்பு முன்னேறுந்தோறும் மறுப்பின் எல்லையும் விரிந்தது.

1989இல் வெளிவந்த க்னூ பொது உரிமம் இவ்வியக்கத்தின் அரசியல் அறிவுக்குச் சான்று. இந்நிரலை எவரும் மாற்றலாம், விற்கவுங்கூடச் செய்யலாம். ஆனால் பிறருக்கு வழங்குமிடத்து, தான் பெற்ற அதே உரிமைகளை அவர்க்கும் வழங்கியே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக்கப் பயன்பட்ட பதிப்புரிமைச் சட்டமே, பொதுச் சொத்தைக் காக்கும் வேலியாகத் திருப்பப்பட்டது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவகம் 1992இல் இவ்வுரிமத்தை ஏற்றபொழுது, க்னூவின் நிரல்களும் அதுவும் இணைந்து முழுமையான முறைமையொன்று உருவாயிற்று. ஆங்கிலத்தில் 'ஃபிறீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கு பெருங்குழப்பம் விளைந்தது. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று தெளிவாகப் பிரித்துரைக்கும் மொழி எம்முடையது. ஆதலின் அக்குழப்பத்தை நாம் இறக்குமதி செய்யவேண்டிய அவசியமில்லை.

இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவிலானதன்று என்பதை 2002 முதல் 2005 வரை நிகழ்ந்தவை நிறுவிக் காட்டின. லினக்ஸ் கருவகத்தில் நாள்தோறும் நிகழும் மாற்றங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்துவதற்கு, 2002இல் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பர் என்ற தனியுடைமைக் கருவியைத் தெரிந்தெடுத்தார். கம்பனி அதனைக் கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு இலவசமாகவே வழங்கியது. ஆயின் அதனைப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை ஆக்குதல் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஸ்டோல்மனும் வேறு சிலரும் இதனைக் கண்டித்தனர். நல்ல கருவி எதுவோ அதனைப் பயன்படுத்துவதே அறிவுடைமை, கொள்கை பேசிக் காலங்கழிப்பது வீண் என்று மறுமொழி கூறப்பட்டது. 2005இல் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற நிரலாளர், பிட்கீப்பர் சேவைக் கணினியோடு உரையாடக்கூடிய கட்டற்ற நிரலொன்றை எழுத முற்பட்டார். அவர் அக்கம்பனியின் உரிமத்தை ஏற்றவரல்லர். எனினும் கம்பனி சினந்து, இலவச அனுமதியை மீளப்பெற்றது. ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு ஒரு முதலாளியின் மனப்போக்கில் தங்கியிருந்தமை ஒரே நாளில் வெளிப்பட்டது. டோர்வால்ட்ஸ் 2005 ஏப்பிரல் தொடக்கத்தில் 'கிட்' என்ற புதிய கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களுள் அது தன் சொந்த மூல நிரலையே தாங்கி நிற்கும் நிலையை எய்தியது. இன்று உலகெங்கும் நிரலாளர் கையாளும் கருவி அதுவே. கண்டிப்பானவர்களைப் பித்தர் என்றோருக்கு வரலாறு அளித்த விடை இது.

எனினும் வரலாறு ஒரு பக்கச் சான்று மட்டும் தருவதில்லை. அன்றாட வாழ்வில் இக்கண்டிப்பின் விலை சிறிதன்று. ஸ்டோல்மன் கைத்தொலைபேசி வைத்திருப்பதில்லை. கணினி விழித்தெழும்போது இயங்கும் முதல் நிரலும் கட்டற்றதாக இருத்தல் வேண்டும் என்பதற்காக, சீனத்திலே தயாரிக்கப்பட்ட, வேகங்குறைந்த லெமோட் மடிக்கணினியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். பின்னர் அந்நிபந்தனைக்கேற்ப மாற்றப்பட்ட பழைய திங்க்பாட் கணினிகளுக்கு மாறினார். எல்லோரும் இவ்வாறு வாழ இயலுமா? நாளெல்லாம் வகுப்பெடுத்து, மேலிடம் விதிக்கும் படிவத்தை மேலிடம் விதிக்கும் நிரலிலேயே நிரப்பி அனுப்பவேண்டிய ஆசிரியரை நோக்கி, நீர் கொள்கையற்றவர் என்று கூறுவது அறமாகுமா? கண்டிப்பாக வாழ்வதற்கு நேரமும் தொழிலறிவும் வேண்டும். அவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. இதனை மறந்து தன் கணினி தூய்மையானது என்று மகிழ்பவன், சமூகத்தை விட்டுத் தன்னை மட்டும் மீட்டுக்கொண்டவனாகிறான்.

டெபியன் அமைப்பின் அனுபவம் இச்சிக்கலைத் தெளிவுறுத்தும். 1993இல் தொடங்கப்பட்டு, 1997இல் தன் சமூக ஒப்பந்தத்தை வகுத்துக்கொண்ட அவ்வமைப்பு, தான் வழங்கும் முறைமையிற் கட்டற்ற நிரல்களே இருக்கும் என்று உறுதி பூண்டது. ஆனால் கம்பியில்லா இணைப்பு முதலிய உறுப்புகளைத் தயாரித்த கம்பனிகள், அவற்றுக்கான சிறு நிரல்களை மறைத்தே வைத்தன. டெபியனை நிறுவ முயன்ற புதியவர் பலர், முதற்படியிலேயே இணைப்பின்றித் தவித்தனர். 2022இல் அமைப்பினர் வாக்கெடுத்து, அத்தகைய நிரல்களையும் நிறுவு வட்டிற் சேர்க்கலாம் என்று முடிவு செய்தனர். 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு அவ்வாறே அமைந்தது. இதனைச் சரணாகதி என்றோரும் உளர். நாமோ இதிற் காண்பது வேறு: நிரலின் மீதான போராட்டம் ஓரளவு வென்றதும், முரண்பாடு இயந்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இயந்திரத்தை ஆக்கும் ஆலை எவர் கையில் உள்ளது என்ற பழைய வினா, புதிய உருவில் எம் முன் நிற்கிறது. அதற்குத் தனிமனிதரின் விரதம் விடையாகாது.

விடையின் சாயலைக் கூட்டுமுயற்சிகளிலேயே காண்கிறோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எமது கரைகளை விழுங்கியபொழுது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பணிகளையும் பதிந்து பேண இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்னும் மென்பொருளை எழுதினர். கட்டற்றதாக அமைந்தமையால், 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது அங்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறநிலையம் அதற்கு அளித்தது. அயலிலுள்ள கேரளத்திலே, பாடசாலைகளுக்கு முதலில் வகுக்கப்பட்ட கணினிப் பாடத்திட்டம் தனியுடைமை நிரல்களையே மையமாகக் கொண்டிருந்தது. ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் அதனை எதிர்த்தனர். அப்பத்தாண்டு முடிவதற்குள் அரச உயர்நிலைப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. ஓர் ஆசிரியர் தனித்து மறுத்திருந்தால் அவர் வேலையை இழந்திருப்பார். சங்கமாக மறுத்ததால் பாடத்திட்டம் மாறியது.

ஆகவே, கண்டிப்பை முதலிற் கோரவேண்டியது தனிமனிதரிடமன்று. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பாடசாலைகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் அரச திணைக்களங்களிடமும் ஆகும். அதே வேளையில், தனிமனிதரின் பிடிவாதத்தை நாம் பரிகசித்தலும் தகாது. அன்று சிலர் பிடிவாதமாக மறுத்திராவிடில், இன்று நிறுவனங்களிடம் நாம் கோருவதற்கு மாற்றீடு என்று ஒன்று இருந்திராது. ஸ்டோல்மனின் சில கூற்றுகள் கடுங்கண்டனத்துக்குள்ளாகி, 2019இல் அவர் அறநிலையத்தின் தலைமைப் பதவியை விட்டு விலகியதையும், 2021இல் அதன் நிருவாக சபைக்கு மீண்டதையும் நாம் அறிவோம். இயக்கம் ஒருவரது ஆளுமையைச் சார்ந்ததன்று என்பதற்கு அதுவும் ஒரு பாடமே.

கணினியின் முன் அமரும் மாணவன், இது எவ்வாறு இயங்குகிறது என்று என்றோ ஒருநாள் தன் ஆசிரியரைக் கேட்பான். எமக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம் என்பது நேர்மையான விடை. அதனை அறிய எமக்கு அனுமதியில்லை என்று கூறவேண்டிய நிலையிலே எந்த ஆசிரியரும் நிற்கலாகாது. அவ்விடையை ஒழிக்கும் பணியில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றுசேர வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.