பிரிந்தவர்களைத் தேடிய பட்டியல்கள்: திருகோணமலைக் கடற்கோள் சொல்லும் பாடம்

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். அன்று காலை கிழக்குக் கரையோரம் எங்கும் கடல் ஊருக்குள் புகுந்தது. திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் ஆகிய கரையோரப் பகுதிகள் பேரழிவைச் சந்தித்தன. கிண்ணியா வைத்தியசாலையையே அலை அழித்துவிட்டது. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இறந்தோரின் தொகையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். ஆனால் அந்நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த முதற்கேள்வி தொகை பற்றியதன்று. "எங்கட ஆள் எங்கே?" என்பதே அது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த உறவுகள் தொலைபேசியை விட்டு நகராமல் கேட்டதும் இதே கேள்விதான்.

விடைகள் இல்லாமற் போகவில்லை. அவை சிதறிக் கிடந்தன. பாடசாலை முகாமில் ஒரு பட்டியல், பள்ளிவாசலில் ஒரு பட்டியல், வைத்தியசாலையில் இன்னொன்று. அது போர்நிறுத்த காலம். சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. மாவட்டத்தின் ஏனைய பகுதிகள் அரச கட்டுப்பாட்டில். திருகோணமலையில் இருந்து தரைவழியே மூதூர் செல்வோர், ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைகளில் ஏறித் துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான். துறையைக் கடக்க மனிதருக்கே மிதவை தேவைப்பட்ட இடத்தில், ஒரு கரையின் பட்டியலை மறுகரையில் உள்ளவர் எப்படிப் பார்ப்பது?

மொழியும் ஒரு துறையாகவே குறுக்கே கிடந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் வாழும் மாவட்டம் இது. செல்வராசா என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முகாமில் தமிழில் ‘க. செல்வராசா’ என்று எழுதுவார்கள். வைத்தியசாலை ஏட்டில் ஆங்கிலத்தில் ‘செல்வராஜா’ ஆவார். இன்னோர் அலுவலகத்தில் சிங்கள எழுத்தில் அவரது தந்தையின் பெயரே முன்னிற்கும். ஒரே மனிதர், மூன்று பதிவுகள். கணினிக்கோ அவர்கள் மூவர். முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வகைகளை எண்ணிப் பாருங்கள். சிக்கலின் அளவு புரியும்.

அந்த நெருக்கடியில், கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனைச் சார்ந்த தன்னார்வக் கணினி வல்லுநர்கள் ‘சஹனா’ என்ற மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை அது தனித்தனியே பதிவுசெய்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த மென்பொருளாக வளர்ந்து, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. நமது துயரத்தில் பிறந்த கருவி பிறர் துயர் துடைக்கச் சென்றது.

பல நாடுகளின் பெயரேடுகளை இணைக்கும் எண்ணம் அதற்கு முன்னரே இருந்தது. 1988இல் ‘எக்ஸ்.500’ என்ற சர்வதேச நியமம் வெளியானது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரேட்டைத் தன் கணினியிலேயே வைத்திருக்கும். தன்னிடம் இல்லாத பெயரை ஒருவர் கேட்டால், கேள்வியை உரிய கணினிக்கு அனுப்பிவைக்கும். கருத்து சிறந்ததே. ஆனால் அது சார்ந்திருந்த வலையமைப்பு நெறிமுறைகள் பாரமானவை. இணையத்தின் எளிய நெறிமுறையில் அதே பெயரேடுகளை அணுகும் வழி, ‘எல்டாப்’ என்ற பெயரில், 1993இல் வந்தது. எனினும் இவை ஒழுங்கான அலுவலகங்களுக்கானவை. பேரழிவின்போது பெயரேடுகளுக்கு ஒழுங்கு ஏது?

2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, செல்வ வளம் மிக்க அந்நாட்டிலும் இதே காட்சி அரங்கேறியது. காணாமற் போனோருக்காகப் பல இணையதளங்கள் தோன்றின; ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. அப்போதுதான் தன்னார்வலர்கள் சிலர், ‘பிஃவ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுப் பதிவு வடிவம் ஒன்றை வகுத்தனர். 2010 ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது கூகிளின் ஆள்தேடும் சேவை இவ்வடிவத்தையே பயன்படுத்தியது. சஹனாவும் இதனை ஏற்றுக்கொண்டது.

இதன் நுட்பம் எளியது. ஒவ்வொரு பதிவும் தான் பிறந்த தளத்தின் பெயரைத் தன் அடையாள எண்ணோடு சுமந்து செல்லும். எத்தனை நாடுகளின் கணினிகளுக்குப் படியெடுக்கப்பட்டாலும் மூலம் மறையாது. ஒருவர் உயிரோடிருக்கிறார் என்றோ இறந்துவிட்டார் என்றோ அது தீர்ப்பு வழங்குவதில்லை. அவ்வாறு நம்பப்படுகிறது என்று யார், எப்போது சொன்னார் என்பதையே குறித்து வைக்கிறது. முரண்பட்ட இரு செய்திகள் வந்தால் இரண்டுமே நிற்கும். ஆரம்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மேலைநாட்டு மரபில் மட்டும் கேட்ட இவ்வடிவம், பின்னர் முழுப்பெயருக்கும் மாற்றுப்பெயர்களுக்கும் இடமளித்தது. குடும்பப்பெயர் வழக்கமற்ற நமக்கு அது சிறிய மாற்றமன்று.

பத்திரிகைத் தொழிலில் முதலில் கற்கும் பாடமும் இதுதான்: சொன்னவர் யார் என்று கேள். உயிரோடிருப்பவரை இறந்தவராக எழுதினால் ஒரு குடும்பம் தேடுவதை நிறுத்திவிடும். இறந்தவரை இருப்பவராக எழுதினால் ஒரு தாய் ஆயுள் முழுவதும் வாசலைப் பார்த்திருப்பாள். எழுத்துப்பிழை என்று இவற்றை ஒதுக்கிவிட முடியுமா?

கடல் கொண்டவர்களைத் தேடப் பெயரேடுகளை இணைக்கக் கற்றுக்கொண்டோம். போரில் காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேட 2016இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனாலும் உறவுகளின் கேள்வி ஓயவில்லை. பட்டியல்களை இணைப்பது கணினியால் ஆகும். அவற்றில் உண்மையை எழுதுவது மனிதர் கையில்தான் இருக்கிறது.