துண்டு பேசிய காலம்

கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகல என்றதும் இன்று கிரிக்கெட் மைதானமும் கைத்தொழில் வலயமுந்தான் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கோப்பித் தோட்டம். ஜமேக்காவில் தொழில் பழகி 1837இல் இலங்கைக்கு வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர் தும்பறைப் பள்ளத்தாக்கில் நடத்திய தோட்டம். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்ட பிறகு அங்கே கொக்கோவும் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் கண்டிச் சீமைத் தோட்டங்களில் ஆள் எடுக்கும்போது தொழிலாளியின் வாயைத் திறக்கவிட்டவர் இல்லை. பேரம் பேசியது கங்காணி. சாட்சி சொன்னது ஒரு காகிதம். துண்டு என்பார்கள். இத்தனை பேர், இவர்களின் கடன் இவ்வளவு ரூபாய், கட்டினால் விடுவிக்கிறேன் என்று பழைய துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். புதுத் துரை பணத்தைக் கட்டுவார். கட்டிய தொகை அப்படியே தொழிலாளியின் தலையில் புதுக் கடனாக ஏறும். கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர், காய்ச்சலில் கிடந்த பக்கத்துக் காம்பராக்காரரை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடவும் முடியாது: 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம்.

வீட்டு வேலைக்காரருக்கு 1871இல் தனிச் சட்டம் வந்தது. அவர் கையில் ஒரு பதிவுப் புத்தகம். எப்போது சேர்ந்தார், ஏன் நின்றார், நடத்தை எப்படி என்று அதில் எழுதுபவர் எசமான்.

துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. வேலைக்கு வருபவரை அறிய வேறொரு வழியும் பின்னாளில் பிறந்தது. ஒருவரைப் பற்றிப் பொதுவாக அபிப்பிராயம் கேட்பதைவிட, நடந்த சம்பவத்தைக் கேட்பதே மேல் என்ற வழியை அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஃபிளனகன் 1954இல் எழுதினார். “முந்திய வேலையில் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்ற நேர்முகப் பரீட்சைக் கேள்வி அந்த வழியில் வந்ததுதான். தொழிலாளியின் கதையைத் தொழிலாளியே சொல்லக் கிடைத்த இந்த வாய்ப்பு சின்ன விஷயமல்ல.

ஆனாலும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் நன்னடத்தைப் பத்திரமும் இன்றும் முதலில் மேசைக்குப் போகின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வேலை அனுபவக் கடிதம் இல்லாமலிருக்கலாம். காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை தன் கையால் செய்து முடித்த ஒரு காரியத்தைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். இடையில் மறிக்காமல் கேளுங்கள்.