டார்ச் தீயில் உருகும் பாசிமணி... கண்ணாடிக் கலை கத்துக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடி தயாரிக்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுப் பலகையாக எடுக்கும் ஃப்ளோட் கிளாஸ் முறை அது. அதே கண்ணாடியை விரல் நுனி அளவுக்கு உருக்கி, வண்ணம் சேர்த்து, மணியாக உருட்டும் கலைக்குப் பெயர் 'லாம்ப்வொர்க்'. ரீல்ஸில் பார்த்துட்டு, 'ஒரகடம் ரூம்லயே ட்ரை பண்ணலாமே'னு தோணுதா? முதல்ல இதைப் படிச்சிடுங்க.

நம்ம ஊருக்குப் புதுசில்லை

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த பொருள்களில் கண்ணாடிப் பாசிமணிகளும் முக்கியமானவை. அவை உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, ஆறியதும் துண்டுபோட்டுச் செய்தவை. லாம்ப்வொர்க்கில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தீயில் உருவாகும். உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரில் இன்றும் இது குடும்பத் தொழில்.

மணி உருவாகும் விதம்

களிமண் கலவையில் முக்கிக் காயவைத்த ஸ்டீல் கம்பியை ஒரு கையில் பிடிக்கணும். இன்னொரு கையில் கண்ணாடிக் குச்சி. குச்சியைத் தீயின் ஓரத்தில் காட்டி மெதுவாகச் சூடேற்றுங்கள். சட்டென்று நடுத் தீயில் நீட்டினால் தெறிக்கும். நுனி தேன் பதத்துக்கு வந்ததும், கம்பியைச் சுழற்றியபடியே அதன்மேல் சுற்றணும். சுழற்றுவதை நிறுத்தினால் மணி ஒரு பக்கம் தொங்கிவிடும். ஆறிய பிறகு களிமண் பூச்சு இருப்பதால் மணி கம்பியிலிருந்து கழன்று வரும்.

அலங்காரம் நாலு வகை

* புள்ளி: வேறு நிறக் குச்சியால் தொட்டு எடுங்கள். முழுக்க உருக்கினால் சமமாகப் படியும், பாதியில் விட்டால் மேடாக நிற்கும்.
* இழை: உருகிய கண்ணாடியை இழுத்தால் வெல்லப்பாகின் கம்பிப் பதம் மாதிரி நூல் வரும். அதை வைத்துக் கோடு வரையலாம்.
* இறகு: கோடுகள் இளகியிருக்கும்போது ஊசியால் இழுத்தால் இறகு டிசைன்.
* தூள்: சூடான மணியைக் கலர் கண்ணாடித் துகளில் உருட்டி, மறுபடி தீயில் காட்டுவது.

நிறம் தருவது உலோகம். கோபால்ட் நீலம் தரும், மாங்கனீஸ் ஊதா, இரும்பு பச்சை. செம்பு நீலப்பச்சை தரும். ஆக்சிஜன் குறைந்த தீயில் அதே செம்பு சிவப்பாக மாறும்.

மணி ஏன் உடையுது?

ஆர்வமாகத் தொடங்கும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உடைந்த ஜன்னல் கண்ணாடி சும்மா கிடைக்குதேன்னு, அதன்மேல் கடையில் வாங்கின கலர் குச்சியை உருக்குவார்கள். ராத்திரி அழகாக இருக்கும் மணி, காலையில் இரண்டாகப் பிளந்திருக்கும்.

எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை, சுருங்குவதில்லை. இதற்கு ஓர் எண் உண்டு. மணி செய்யும் மென்கண்ணாடிக்கு 104, ஜன்னல் கண்ணாடிக்கு சுமார் 85, ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிகேட்டுக்கு 33. ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். அதனால் ஒரே எண் உள்ள குச்சிகளையே சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது காரணம் அவசரம். செய்து முடித்த மணியைச் சூளையில் 'அனீலிங்' செய்யணும். 104 கண்ணாடிக்கு சுமார் 510-520 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, பிறகு மெதுவாக ஆறவிடணும். தண்ணீரில் போட்டால் அங்கேயே வெடிக்கும்.

வாடகை ரூமில் வேண்டாம், ப்ளீஸ்

நாலு பேர் தங்கும் அறையில் மெத்தை, திரைச்சீலை, சமையல் சிலிண்டர் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். வீட்டு சிலிண்டரைச் சமையல் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு. ஆக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் பட்டாலே தீப்பிடிக்கலாம்.

கண்ணாடி சூடாகும்போது அதிலுள்ள சோடியம் பளீரென்று மஞ்சளாக எரியும். அதை வடிகட்ட டிடிமியம் கண்ணாடி அணியணும், கூலிங் கிளாஸ் போதாது. போரோசிலிகேட் வேலைக்கு இன்னும் அடர்த்தியான பாதுகாப்புக் கண்ணாடி தேவை. பருத்தி உடை, மூடிய ஷூ கட்டாயம். புகையை வெளியேற்றும் ஃபேன் வேணும். தூள் கையாளும்போது மாஸ்க் போடுங்கள்.

அப்போ எங்கே தொடங்கலாம்?

டார்ச்சும் சூளையும் ஏற்கெனவே உள்ள பட்டறையில், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "சூளை இருக்கா? எந்த எண் கண்ணாடி பயன்படுத்துறீங்க?" தெளிவாகப் பதில் வந்தால் ஃபீஸ் கட்டலாம். முதல் நாள் ஒரே நிறத்தில் உருண்டையான மணி வந்தாலே பெரிய விஷயம். புள்ளியும் இறகும் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்!