காத்தான்குடியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: தெரிவுகளின் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பட்டியில், நகரிலிருந்து தெற்கே ஐந்தாறு கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது காத்தான்குடி. நிலம் சுருங்கியது, சனம் நெருங்கியது. அதனால் வயலை மட்டும் நம்பி வாழ முடியாமல் ஊர் வியாபாரத்தை நம்பியது. எழுத்தும் கணக்கும் தெரிந்த பையன் கடையில் ஏறினான். மார்க்கக் கல்வியில் நாட்டமுள்ளவன் மத்ரஸாவுக்குப் போனான். எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தப் பீடத்தில் சேர்வது என்னும் கேள்விகள் இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

பள்ளிக்கூடம் அருகில் இல்லாமற் போனது இதற்குக் காரணமல்ல. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இலேயே மட்டக்களப்பில் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கிவிட்டார். அதுவே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873 இல் தொடங்கிய கத்தோலிக்கப் பாடசாலை பின்னர் புனித மிக்கேல் கல்லூரியாக வளர்ந்தது. இராமகிருஷ்ண மிஷனின் சிவானந்த வித்தியாலயம் 1929 இல் கல்லடியில் எழுந்தது. எனினும் மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் இலங்கை முஸ்லிம்களிடையே பரவலாக இருந்தது. 1880களில் சித்திலெப்பை தொடங்கிய கல்வி இயக்கமும், 1892 இல் கொழும்பில் உருவான சாஹிராக் கல்லூரியும் அந்த அச்சத்துக்கு எழுந்த பதில்களே. அவற்றின் பயன் கிழக்குக் கரைக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் சென்றன. வாவியும் ஒரு தடையாக நின்றது: 1924 இல் லேடி மனிங் பாலம் கட்டப்படும்வரை நகரத்துக்குச் செல்லத் தோணியே வழி.

வீட்டு வழக்கமொன்றும் இதில் பங்கு வகித்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுபவர்கள். மணமகன் மனைவி வீட்டுக்குப் போவான். அந்த வீட்டைக் கட்டிக்கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்களின் கடமை. தகப்பனோடு சகோதரர்களும் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். இரண்டு மூன்று தங்கைகள் உள்ள வீட்டில் மூத்த பையனின் படிப்பு இடையில் நின்றதற்கு அவனுடைய திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. கல்வி வரலாறுகள் சட்டங்களையும் அறிக்கைகளையும் எண்ணுகின்றன. இந்த வீட்டுக் கணக்கை எண்ணுவது அரிது.

1945 இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி கட்டணச் சுமையை நீக்கியது. ஆயினும் அடுத்த தலைமுறையின் கண்ணுக்குத் தெரிந்த உயரம் பல்கலைக்கழகம் அல்ல, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிதான். அட்டாளைச்சேனைப் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, அரச சம்பளத்தோடு ஊர் திரும்பி ‘வாத்தியார்’ என்று அழைக்கப்படுவது மதிப்பும் பாதுகாப்பும் உள்ள வழியாக இருந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலங்களில் (1960–63, 1970–77) முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகியதால் அந்த வழி மேலும் அகன்றது. அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. வாத்தியாரின் பிள்ளை வாத்தியாராவதையே இயல்பான முன்னேற்றமாகக் கருதும் மனப்பான்மை வேரூன்றியது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பின்தள்ளப்பட்டன.

பல்கலைக்கழகத்தை முஸ்லிம் மாணவர்களின் எட்டுமிடத்துக்குக் கொண்டுவர முனைந்தவர்களில் ஏ.எம்.ஏ. அஸீஸ் முதன்மையானவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், யுத்தகால உணவு உற்பத்தியை மேற்பார்வை செய்ய 1942 இல் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அப்போது கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961 இல். கிழக்கின் கல்விநிலையை நேரில் கண்ட அஸீஸ், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். அவர் அதிபராக இருந்த 1948 முதல் 1961 வரையான ஆண்டுகளில், கொழும்பு சாஹிரா நாடெங்குமிருந்து வந்த முஸ்லிம் மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வாயிலாக விளங்கியது.

1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு நகர்ந்தது. காத்தான்குடிப் பையனுக்கு அந்த விடுதி வாழ்க்கை வேறொரு நாடு போன்றது. மலைக்குளிர், ஆங்கில விரிவுரை, முன்பின் அறியாத அறைத்தோழன் என ஒவ்வொன்றும் புதிது. கலைப்பீடத்தில் முதலாண்டின் இறுதியில் ‘ஜீ.ஏ.கியூ.’ என்று சுருக்கி அழைக்கப்பட்ட பொதுக்கலைத் தகைமைப் பரீட்சை நடந்தது. மூன்று பாடங்களைக் கற்று அதில் சிறந்து தேறியவர்களே ஒரே பாடத்தில் சிறப்புப் பட்டத்துக்குச் செல்ல முடிந்தது. மற்றவர்கள் பொதுப் பட்டத்தோடு வெளியேறினார்கள். முதலாண்டைச் சூழலுக்குப் பழகும் காலமாகக் கழித்தவர்களுக்கு அந்த வாயில் மூடியது. இன்றும் பல பீடங்களின் அமைப்பு அடிப்படையில் இதுவே.

1960 முதல் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டபோது கிராமத்து மாணவர்கள் பெருந்தொகையாக உள்ளே வந்தார்கள். இந்தப் பெருக்கம் கலைத்துறையில்தான் நிகழ்ந்தது. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவர்களுக்கு வேறு தெரிவு இருக்கவில்லை. பட்டம் பெருகிய வேகத்தில் வேலை பெருகவில்லை. 1970களின் தொடக்கத்தில் வேலையற்ற பட்டதாரிகள் ஓர் அரசியல் பிரச்சினையாகிவிட்டார்கள்.

அதே காலத்தில் அனுமதி முறையும் மாறியது. 1971 இன் தரப்படுத்தலும் 1974 முதல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாண மாணவர்களுக்குக் கடும் இழப்பை ஏற்படுத்தின. அவற்றால் உண்டான கசப்பு பின்வந்த போரின் காரணங்களில் ஒன்று. மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கோ அதே ஒதுக்கீடு மருத்துவ, பொறியியல் பீடங்களின் கதவைச் சற்றே திறந்துவிட்டது. இந்த இரு உண்மைகளில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்லும் வழக்கம் இரு தரப்பிலும் உண்டு.

1981 ஆகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது காத்தான்குடிக்கு அதுவே முதல் முறை. வீட்டை விட்டு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, அது பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல் நான்கே ஆண்டுகளில் குலைந்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் தொழுகையில் இருந்தவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தோர் தொகை நூறைத் தாண்டியது. அடுத்த மாதமே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். ஊர்களுக்கிடையிலான வீதிகளில் அச்சம் படர்ந்தது. முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கும் பயணமானது.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அரசியல் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைபெற்றது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபுமொழிப் பீடமும் பின்னர் பொறியியற் பீடமும் சேர்ந்தன. காத்தான்குடியிலிருந்து ஒலுவில் வந்தாறுமூலையைவிடத் தூரம், கல்முனைக்கும் அப்பால். ஆனாலும் அது பாதுகாப்பான இடமாகக் கருதப்பட்டது. மாணவியரின் தொகை உயர்ந்ததில் அந்த உணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இன மோதலால் பிரிந்த வகுப்பறைகள் போர் முடிந்த பிறகும் முழுமையாக ஒன்றுசேரவில்லை என்பது இதன் மறுபக்கம்.

மத்ரஸா வழியும் இக்காலத்தில் தன் உருவத்தை மாற்றியது. மௌலவிப் பட்டத்தோடு உயர்தரப் பரீட்சையும் எழுதி, இரண்டு சான்றிதழ்களோடு வெளிவருவது வழக்கமானது. 1973 இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா இந்த இணைப்புக்கு முன்மாதிரி. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் பெற்றுச் சென்றவர்களும் உண்டு. வெளிநாட்டில் பட்டம் பெறச் செல்பவர்கள் அதற்கு அரச அங்கீகாரம் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்ற பாடம் அவர்களின் அனுபவத்திலிருந்தே ஊரில் பரவலாயிற்று.

இன்றைய அனுமதி முறை 2001 இல் அறிமுகமான இசட் புள்ளியைச் சார்ந்தது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒரு ‘யூனிகோட்’ உண்டு. மாணவர் அவற்றை விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். பெறுபேறு வந்த உற்சாகத்தில், அல்லது சோர்வில், நண்பனின் வரிசையைப் பார்த்து எழுதிவிடுபவர்கள் பலர். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சென்ற வருடப் பட்டியல் ஒரு குறிப்பு மட்டுமே. கிடைக்காது என்று தோன்றினாலும் மெய்யாக விரும்பும் நெறியை முதலில் எழுதுவதே சரி: மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் கீழுள்ளது பார்க்கப்படும், உயர்ந்ததை எழுதியதால் எந்த இழப்பும் இல்லை. சில நெறிகளுக்குச் செய்முறைப் பரீட்சையோ உளச்சார்புப் பரீட்சையோ தனியாக உண்டு. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நெறிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அதற்குரிய விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பவர்களுக்கு ஊருக்கு அருகிலேயே வழிகள் உள்ளன. ஆரையம்பதிப் பக்கத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகிறது. தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்குகிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு. இவற்றைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கும் மனநிலை, மூன்றாம் தடவையும் உயிரியல் எழுதிப் பார்க்கும் பிடிவாதத்தை ஊட்டிவளர்த்திருக்கிறது.

அனுமதி கிடைத்த பின் தொடங்கும் சிக்கல்கள் வேறு. உயர்தரம் வரை ரியூட்டரிக் குறிப்பை மனனம் செய்து வெற்றிபெற்றவருக்கு விரிவுரையாளர் குறிப்புச் சொல்லாத வகுப்பு புரியாத ஒன்று. நூலகத்தில் தேடி வாசித்துத் தன் வாக்கியத்தில் எழுதும் பழக்கம் முதல் அரையாண்டிலேயே வராவிட்டால் பின்னர் வருவது கடினம். ஆங்கில மொழிமூலம் பரவிவிட்ட விஞ்ஞான, முகாமைத்துவ பீடங்களில் இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. தொடக்கத்தில் நடத்தப்படும் ஆங்கிலப் பயிற்சியை விடுமுறையாக எண்ணித் தவிர்ப்பவர்களே அதை அதிகம் உணர்கிறார்கள். பெரும்பாலான பீடங்கள் 80 வீத வரவை எதிர்பார்க்கின்றன. மீண்டும் எழுதும் பாடத்துக்குப் பல இடங்களில் ‘சீ’ தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. ஆகவே முதலாண்டில் விட்ட ஒரு பாடம் இறுதியாண்டின் சராசரிப் புள்ளியிலும் வகுப்பிலும் தெரியும். இந்த விதிகள் அனைத்தும் பீடத்தின் கைந்நூலில் அச்சாகியிருக்கின்றன. புதிய மாணவர் அதை வாசிக்காமல் சிரேஷ்ட மாணவரின் வாய்மொழியை நம்புவது வழக்கமாகிவிட்டது.

சிரேஷ்டரை நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் ‘அதற்கு உட்படாவிட்டால் குறிப்பும் கிடைக்காது, உதவியும் கிடைக்காது’ என்ற மிரட்டல் ஓயவில்லை. மாணவ ஆலோசகரிடமோ ஆணைக்குழுவிடமோ முறையிட வழியுண்டு. ஊரைச் சேர்ந்த பழைய மாணவர்களின் துணையும் பயன்பட்டுள்ளது. பணத்தைப் பொறுத்தவரை, 1981 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியமும் அதற்குத் தகுதி பெறாதவர்களுக்கான பர்சரியும் உள்ளன. விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டிய வருமானச் சான்றிதழைக் கிராம சேவகரிடம் பெறுவதில் ஏற்படும் தாமதத்தால் தவணைகளை இழப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்கு வெளியே பட்டம் தேடும் போக்கு அண்மைய அத்தியாயம். காத்தான்குடியைச் சேர்ந்த அரசியல்வாதி எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் புணானையில் கட்டியெழுப்பிய மட்டக்களப்பு கெம்பஸ் அதன் உச்ச முயற்சி. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் அது கடும் சர்ச்சைக்கு உள்ளாகி, கொரோனா காலத்தில் தனிமைப்படுத்தல் நிலையமாக்கப்பட்டு, 2023 இல் மீண்டும் அதன் நிர்வாகத்திடம் கையளிக்கப்பட்டது. தனியார் நிறுவனம் எதுவாயினும், அது வழங்கும் பட்டத்துக்குக் கல்வி அமைச்சின் அல்லது மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா, வெளிநாட்டுப் பட்டமாயின் அதை வழங்கும் பல்கலைக்கழகம் ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பட்டியல்களில் உள்ளதா என்பதை, முதல் தவணைப் பணத்தைக் கட்டும் முன்பே ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.